குளிர் ஊரில் பேனல் பெட்டி ஏன் சூடாகிறது? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

"தம்பி, நாங்களே ஸ்வெட்டரோட நடுங்கிக்கிட்டு இருக்கோம், பெட்டிக்கு எதுக்கு ஃபேன்?" நுவரெலியாவிலோ ஹட்டனிலோ ஒரு ஹோட்டல் முகாமையாளரிடம் பேனலுக்கு, அதாவது மின் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் வைத்த இரும்புப் பெட்டிக்கு, காற்றோட்டம் வேண்டும் என்று சொன்னால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் டிரைவ் (மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), கன்டாக்டர் (மின்சாரத்தால் இயங்கும் பெரிய சுவிட்ச்), டிரான்ஸ்ஃபோமர் எல்லாம் ஊர்க் குளிரைப் பார்த்து வேலை செய்வதில்லை. தாங்கள் இழக்கும் மின்சக்தியை வெப்பமாகப் பெட்டிக்குள்ளேயே கொட்டுகின்றன. மூடிய இரும்புப் பெட்டியில் அந்த வெப்பம் வெளியேற வழி இல்லையென்றால் வெளியே 16 பாகை இருந்தாலும் உள்ளே 50 பாகையைத் தாண்டும்.

மலையகத்துக்கு இன்னும் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, காற்று மெலிந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கொழும்பை விடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே ஃபேன், அதே வேகம், ஆனால் தூக்கிச் செல்லும் வெப்பம் குறைவு. மற்றது ஈரம். பனியும் சாரலும் பெட்டிக்குள் புகுந்து உலோகத்தில் நீராகக் கோக்கின்றன. ஆகவே இங்கே பெட்டியைக் குளிரவைப்பது பாதி வேலைதான், உலர்வாக வைப்பது மீதிப் பாதி. சூட்டைத் தணிக்கப் போய் ஈரத்தை உள்ளே அழைக்கிற வைத்தியம் மலையகத்தில் வைத்தியமே அல்ல.

பெட்டியைத் திறப்பதற்கு முன்: மெயின் பிரேக்கரை இறக்கி, பூட்டி, அட்டை மாட்டி, டெஸ்டரால் கரண்ட் இல்லை என்று உறுதி செய்யுங்கள். டிரைவ் இருந்தால் அதன் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையில் எத்தனை நிமிடம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறதோ அத்தனை நிமிடம் காத்திருங்கள், உள்ளே இருக்கும் கப்பாசிட்டர்கள் மெதுவாகத்தான் இறங்கும். கரண்ட் ஓடும்போது செய்ய வேண்டிய அளவீடுகளை அதற்குரிய தகுதியும் கையுறையும் உள்ளவரே செய்ய வேண்டும்.

டிரைவ் "சூடு அதிகம்" என்று காட்டி நிற்கிறது, அதுவும் வேலை மும்முரமாக இருக்கும்போது

நுவரெலியா ஹோட்டல்களில் இது ஏப்ரல் சீசனில் அதிகம் வரும். அறைகள் நிரம்பி, சுடுநீர்ப் பம்பும் சலவை மெஷினும் நாள் முழுக்க ஓடும் காலம். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து கூடும் மாதங்களில் வாட்டும் தொட்டிகளின் ஃபேன் டிரைவில் இதே கதை.

முதலில் இரண்டு வெப்பநிலையை அளந்து எழுதுங்கள்: பெட்டிக்கு வெளியே ஒரு மீற்றர் தள்ளி அறையின் வெப்பநிலை, பெட்டிக்கு உள்ளே மேல் கால்பகுதியில் உள்ள வெப்பநிலை. கதவைத் திறந்து அளந்தால் உண்மை தெரியாது. கம்பி உணரியை உள்ளே விட்டு, கதவை மூடி, முழு லோடில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு அளக்க வேண்டும். இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் இனிச் செய்யப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. வித்தியாசம் 10 பாகைக்குள் இருந்து டிரைவ் இன்னும் நின்றால் கோளாறு பெட்டியில் இல்லை, டிரைவின் சொந்த ஃபேனிலோ அதன் பின்பக்க வெப்பத்தகட்டிலோ இருக்கிறது. வித்தியாசம் 20, 25 என்று ஏறினால் பெட்டியின் காற்றோட்டம் போதவில்லை.

அடுத்தது ஃபில்டர். காற்று உள்ளே வரும் கிரிலைக் கழற்றி ஃபில்டர் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கும் பகுதிக்குப் பக்கத்தில் இருந்த ஃபில்டர் என்றால், பழுப்பு நிறப் பஞ்சு போலத் தேயிலைத் தூசி இழைகளுக்குள் நெசவாகி, மறுபக்கம் விரல் நிழல்கூடத் தெரியாது. அது ஃபில்டராக இல்லை, பெட்டிக்குக் கம்பளி போர்த்திய மாதிரி. ஹோட்டல் சமையலறைக்குப் பக்கத்துப் பேனலில் தூசியோடு எண்ணெய்ப் பசையும் சேரும். அதைத் தட்டினாலும் ஊதினாலும் போகாது, புதிய துணிதான் போட வேண்டும். ஊதிச் சுத்தம் செய்வதை நான் பொதுவாகவே விரும்புவதில்லை, தூசி பெட்டிக்குள்ளேயே போய்க் கன்டாக்டர் முனைகளில் உட்காரும்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தால், காற்று எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். ஒரு மெல்லிய காகிதத் துண்டைக் கிரிலுக்கு முன்னால் பிடித்தால் போதும். கீழே ஃபேன் காற்றை உள்ளே தள்ள வேண்டும், மேலே உள்ள கிரில் வழியாக அது வெளியேற வேண்டும். மேலே ஃபேன் வைத்து வெளியே உறிஞ்சினால், ஃபில்டர் இல்லாத ஒவ்வொரு இடைவெளி வழியாகவும் தூசியும் ஈரமும் உள்ளே இழுக்கப்படும். பெட்டிக்குள் சிறிய மிகை அழுத்தம் இருப்பதே தூசிக்குப் பாதுகாப்பு. உள்வரும் கிரிலும் வெளியேறும் கிரிலும் ஒரே உயரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் வெளிவரும் சூடான காற்றே திரும்பவும் உள்ளே போகும்.

பிறகு உள் அமைப்பு. இரண்டு டிரைவை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பொருத்தியிருந்தால் கீழ் டிரைவின் சூடு மேல் டிரைவின் மூச்சாகிறது. எப்போதும் மேலே உள்ளதுதான் நிற்கிறது என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். பக்கத்துப் பக்கத்தில் மாற்றிப் பொருத்த இடமில்லையென்றால் நடுவில் சாய்வாக ஒரு தகடு வைத்துச் சூட்டை ஓரத்துக்குத் திருப்பிவிடலாம். டிரைவுக்கு மேலும் கீழும் விட வேண்டிய இடைவெளி அதன் கையேட்டில் இருக்கும், பெரும்பாலும் 100 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ. அந்த இடைவெளிக்குள் கேபிள் வாய்க்கால் ஓடியிருந்தால் அதை நகர்த்துங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் சூடு குறையவில்லையென்றால் கணக்குப் போட வேண்டிய நேரம். ஒரு உதாரணம். 2 மீற்றர் உயரம், 80 சென்ரிமீற்றர் அகலம், 60 சென்ரிமீற்றர் ஆழமுள்ள பெட்டி, முதுகுப்பக்கம் சுவரோடு ஒட்டியது. வெப்பம் விடும் பயனுள்ள பரப்பு சுமார் 5 சதுர மீற்றர். பெயின்ட் அடித்த இரும்புத்தகடு ஒரு சதுர மீற்றருக்கு, ஒரு பாகை வித்தியாசத்துக்கு, சுமார் 5.5 வாட் வெளியே விடும். ஆகவே முழுப் பெட்டியும் பாகைக்கு 28 வாட். உள்ளே 15 கிலோவாட் டிரைவ் இரண்டு இருந்து, ஒவ்வொன்றும் 3 சதவீதம் வெப்பமாக இழந்தால் மொத்தம் 900 வாட். ஃபேன் இல்லாமல் விட்டால் 900ஐ 28ஆல் வகுக்க 32 பாகை ஏற்றம். பம்ப் அறை 24 பாகை என்றாலும் உள்ளே 56. பெரும்பாலான டிரைவ்களின் முழு லோட் எல்லை 40 பாகைதான்.

இப்போது 40க்குள் நிறுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 16 பாகை. தகடு வழியாக 28 பெருக்கல் 16, ஏறத்தாழ 450 வாட் போய்விடும். மீதி 450 வாட்டைக் காற்று தூக்க வேண்டும். கடல் மட்டத்தில் கணக்கு: 3.1 (காற்று தூக்கும் வெப்பத்துக்கான மாறிலி) பெருக்கல் 450, வகுத்தல் 16, மணிக்கு 87 கன மீற்றர். நுவரெலியாவில் காற்று மெலிவுக்காக இதை 1.25ஆல் பெருக்குங்கள்: சுமார் 109. ஃபில்டர் அழுக்கேறும் நாளையும் நினைத்து, ஃபில்டர் பொருத்திய நிலையில் 150 கன மீற்றர் தரும் ஃபேனை எடுக்கலாம். கடையில் பெட்டியின் மேல் எழுதியிருப்பது பெரும்பாலும் ஃபில்டர் இல்லாமல் ஓடும்போது தரும் அளவு, அதைப் பார்த்து வாங்கினால் எழுதியதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். ஹட்டன், பண்டாரவளை உயரத்துக்கு 1.15 போதும். கண்டியில் 1.06 போதும், பெரிய வித்தியாசம் இல்லை.

டிரைவுக்கும் உயரக் கணக்கு உண்டு. பல தயாரிப்பாளர்கள் 1,000 மீற்றருக்கு மேல் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் கரண்டை 1 சதவீதம் குறைக்கச் சொல்கிறார்கள். நுவரெலியாவில் 9 சதவீதம் போய்விடும். கொழும்பில் அளவெடுத்து மோட்டருக்குச் சரியாகப் பொருந்தும் டிரைவை அனுப்பினால் இங்கே அது விளிம்பில்தான் ஓடும். புதிதாக வாங்கும்போது ஒரு அளவு கூட்டி எடுப்பதே எனக்குத் தெரிந்த மலிவான தீர்வு.

கதவைத் திறந்து வைத்து, முன்னால் மேசை ஃபேன் ஒன்றை ஓடவிடும் வழக்கம் எங்கும் இருக்கிறது. அவசரத்துக்கு ஒரு மணி நேரம் சமாளிக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். கரண்ட் உள்ள பஸ்பாருக்கு (மின்சாரத்தைப் பகிரும் செம்புப் பட்டைக்கு) முன்னால் யாரும் நடந்து போகலாம், பல்லியும் கரப்பானும் உள்ளே போகும், மாலைப் பனி நேராக உள்ளே இறங்கும். அடுத்த தலைப்பில் வரும் கோளாறுக்கு விதை போடுவது இந்தப் பழக்கம்தான்.

விடியற்காலையில் அல்லது மழை நாளில் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது, பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது

இது சூட்டுக் கோளாறே அல்ல. இரவில் பெட்டியின் தகடு ஆறும்போது உள்ளே இருக்கும் ஈரக் காற்று நீராகக் கோத்து, இன்சுலேஷன் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. தூசி ஏற்கெனவே இருந்தால் படலம் கரண்டைக் கசியவிடும், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் விழும். வெயில் ஏறியதும் உலர்ந்துவிடும். வயரிங் பாஸ் வந்து பார்க்கும் நேரத்தில் எல்லாம் நன்றாகவே இருக்கும். அதனால்தான் இந்தக் கோளாறு பல மாதம் பிடிபடாமல் ஓடுகிறது.

விடியற்காலை ஐந்து, ஆறு மணிக்குப் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கரண்டை நிறுத்தி, கதவைத் திறந்து, கூரைத் தகட்டின் உள்பக்கத்தை டார்ச்சால் சாய்வாக அடித்துப் பாருங்கள். கடுகளவு நீர்மணிகள் வரிசையாகத் தொங்கும், சில இடத்தில் ஒன்றோடு ஒன்று சேர்ந்து டெர்மினல் வரிசைக்கு நேர் மேலே வடிந்த கோடு தெரியும். பித்தளை நியூட்ரல் பாரில் பச்சை பூத்திருந்தால் இது பழைய சங்கதி.

ஈரம் வரும் வழியைத் தேடுங்கள். கதவு ரப்பரைத்தான் எல்லாரும் முதலில் பார்ப்பார்கள், என் அனுபவத்தில் அதைவிட அதிகமாகக் குற்றவாளியாக இருப்பது கேபிள் வரும் குழாய்தான். நிலத்தடிக் கேபிள் வாய்க்காலில் தேங்கிய மழைத்தண்ணீரின் ஈரக்காற்று குழாய் வழியாக மேலே ஏறிப் பெட்டிக்குள் வருகிறது. பெட்டிக்குள்ளே சூடு இருந்தால் அதுவே மேலே இழுக்கும். குழாய் வாயைக் கேபிள் புட்டி கொண்டோ அதற்கென்று விற்கும் ஃபோம் கொண்டோ அடையுங்கள். கொங்கிரீட் தட்டிலிருந்து குழாய் நேராகப் பெட்டியின் தலையில் இறங்கியிருந்தால், குளிர்ந்த குழாய்க்குள்ளேயே நீர் கோத்துச் சொட்டும். முடிந்தால் கேபிளைக் கீழிருந்து கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் பெட்டிக்குப் பக்கவாட்டில் நுழைத்து, நுழையும் முன் கேபிளைக் கீழே வளைத்து மேலேற்றுங்கள், வடியும் நீர் வளைவில் சொட்டிவிடும்.

அதன் பிறகுதான் ஹீட்டர். குளிரவைப்பது பற்றிய கட்டுரையில் ஹீட்டரா என்று கேட்கலாம். மலையகத்துப் பெட்டிக்கு இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடக்கூடாது. 16 பாகையில் 95 சதவீதம் ஈரப்பதமுள்ள காற்றை 21 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 70க்குக் கீழே வந்துவிடும், நீர் கோக்காது. ஐந்து பாகை ஏற்றினால் போதும். மேலே சொன்ன பெட்டிக்கு ஐந்து பெருக்கல் 28, அதாவது 140 வாட் ஹீட்டர். அடியில், கேபிளிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பொருத்துங்கள். ஹீட்டரை ஈரப்பத உணரி 65 சதவீதத்தில் இயக்கட்டும், ஃபேனைத் தெர்மோஸ்டாட் 35 பாகையில் இயக்கட்டும். ஃபேனுக்கு 20 பாகையை வைத்திருக்கும் பெட்டிகளைப் பார்த்தால் மனம் கனக்கிறது: டிரைவின் வெப்பம் பெட்டியை இயல்பாகவே உலர்த்தி வைத்திருக்கும், நாமே ஃபேனை ஓட்டி அதைத் துரத்திவிட்டுப் பனியை உள்ளே ஊதுகிறோம்.

உலர்த்திய பிறகு 500 வோல்ட் மெகரால் இன்சுலேஷனைச் சோதித்து எழுதி வையுங்கள். மெகர் வைக்கும் முன் டிரைவ், மின்னணுச் சாதனங்களின் இணைப்பைக் கழற்ற மறக்க வேண்டாம்.

மேற்குச் சரிவில், ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளை, பசறைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. குழாய் அடைப்பையும் ரப்பரையும் பார்க்க வேண்டியது அந்தந்தப் பருவத்துக்கு முந்திய மாதம்.

பேனல் ஏசி போட்ட பெட்டியில் தண்ணீர் தேங்குகிறது

குறுகிய பதில்: மலையகத்தில் பெரும்பாலான பெட்டிக்கு ஏசி தேவையே இல்லை. வெளிக்காற்று பெட்டிக்குள் வேண்டிய வெப்பநிலையைவிடக் குளிர்ந்தது, ஃபில்டர் ஃபேன் போதும். காற்று மிகவும் அழுக்காக இருக்கும் இடத்தில், சமையலறை, சலவை அறை, தேயிலைச் சலிப்பகம் போன்றவற்றில், வெளிக்காற்றை உள்ளே விடாமல் சூட்டை மட்டும் கடத்தும் வெப்பப் பரிமாற்றி நல்ல தேர்வு.

ஏற்கெனவே ஏசி இருந்தால் அமைப்பெண்ணைப் பாருங்கள். 20, 22 என்று இருந்தால் 35க்கு ஏற்றுங்கள். சலவை அறையில் 25 பாகை, 80 சதவீத ஈரப்பதம் என்றால் 21 பாகைக்குக் கீழே ஆறிய எந்த உலோகத்திலும் நீர் கோக்கும். ஏசி ஓடும்போது கதவைத் திறந்தால் உள்ளே உள்ள எல்லாம் ஒரே நேரத்தில் வியர்க்கும். கதவில் ஒரு சுவிட்ச் வைத்து, திறந்ததும் ஏசி நிற்கும்படி செய்யுங்கள். வடிகால் குழாய் வளைந்திருக்கிறதா, எறும்பு மண் வைத்து அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பெட்டி சூடில்லை, ஒரு பிரேக்கரோ ஒரு கேபிளோ மட்டும் கொதிக்கிறது

இதற்கு ஃபேன் போட்டால் கோளாறை மறைப்பதாகத்தான் முடியும். காரணம் பெரும்பாலும் தளர்ந்த இணைப்பு. கருவாட்டு வாடை வந்தால் சூடேறிய பிளாஸ்டிக் என்று சந்தேகப்படுங்கள். உடனே லோடை இறக்குங்கள்.

வெப்பக் கேமராவோ துப்பாக்கி வெப்பமானியோ இருந்தால், லோட் ஓடும்போது மூன்று ஃபேஸையும் ஒப்பிடுங்கள். கரண்ட் சமமாக இருந்தும் ஒன்று பத்துப் பாகைக்கு மேல் கூடினால் அந்த இணைப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பளபளக்கும் செம்புப் பாரை நேராக அளந்தால் கருவி மிகக் குறைவாகக் காட்டும். கரண்ட் நிறுத்தியிருக்கும்போது ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை அதில் ஒட்டிவைத்து, பிறகு டேப்பின் மேல் அளந்து பாருங்கள், எண் நம்பத்தகுந்ததாக வரும்.

கறுத்த லக்கை, அதாவது கேபிள் முனையில் பொருத்தும் உலோக இணைப்பியை, சும்மா முறுக்கினால் சில வாரம் தாங்கும், மறுபடி வரும். வெட்டி, புதிய லக் போட்டு, தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவில் இறுக்குங்கள். அலுமினியக் கேபிள் செம்புப் பாரில் சேரும் இடத்தில் இரட்டை உலோக லக் கட்டாயம்.

மூன்று ஃபேஸும் சாதாரணம், நியூட்ரல் மட்டும் சூடு என்றால் அது வேறு. எல்இடி விளக்கும் கணினியும் நிறைந்த வங்கிக் கிளைகளிலும் சுப்பர் மார்க்கெட்டுகளிலும் மூன்றாம் ஹார்மோனிக் கரண்ட் (வழக்கமான அதிர்வெண்ணைப் போல் மூன்று மடங்கில் ஓடும் கரண்ட்) நியூட்ரலில் ஒன்றோடொன்று கூடும். உண்மை ஆர்எம்எஸ் (அலை சிதைந்தாலும் சரியான அளவு) காட்டும் கிளாம்ப் மீற்றரால் அளந்தால்தான் தெரியும். தீர்வு பெரிய நியூட்ரல் கேபிள்.

பல பிரேக்கர்கள் நெருக்கமாக இருந்து, அவற்றின் மேல் எழுதிய அளவைவிடக் குறைந்த கரண்டில் விழுந்தால், அவை கெட்டுப்போனவை என்று மாற்ற அவசரப்பட வேண்டாம். வீட்டுவகை எம்சிபி (சிறு பிரேக்கர்) 30 பாகைக்கு அளவமைக்கப்பட்டது. பெட்டி உள்ளே 50 என்றால் முன்னதாகவே விழும். இரண்டு பிரேக்கருக்கு நடுவே இடைவெளித் துண்டு வைத்துப் பாருங்கள்.

யூபிஎஸ் பற்றரி சீக்கிரம் வீங்குகிறது, சர்வர் ராக் ஃபேன் ஓயாமல் கத்துகிறது

வங்கிக் கிளைகளிலும் கடைகளிலும் இதற்கென்று மாடிப்படிக்குக் கீழே ஒரு சிறு அறையை ஒதுக்கி, ஜன்னலை அடைத்து, கதவைப் பூட்டிவிடுகிறார்கள். வெளியே 18 பாகை, உள்ளே 35. மூடிய ஈய அமிலப் பற்றரி 20 முதல் 25 பாகைக்கு வடிவமைக்கப்பட்டது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும்.

ஏசி வாங்கும் முன், கதவின் அடியில் ஃபில்டரோடு ஒரு கிரிலும், எதிர்ச்சுவரின் மேலே தெர்மோஸ்டாட் வைத்த எக்ஸ்ஹாஸ்ட் ஃபேனும் போட்டுப் பாருங்கள். மலையகக் காற்றே பெரும்பாலும் போதும். கிரில் திறப்பது சமையலறைப் பக்கமோ கழிவறைப் பக்கமோ இருக்கக்கூடாது. ராக்கில் வெறுமையாக உள்ள இடங்களை மூடித் தகடால் அடையுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கச் சூடு அந்த ஓட்டை வழியாக முன்பக்கம் வந்து சர்வரின் வாயில் திரும்பவும் நுழையும். பற்றரிகளை ராக்கின் அடியில், யூபிஎஸ்ஸுக்குக் கீழே வையுங்கள்.

வீங்கிய பற்றரி ஒன்று இருந்தால் அதை மட்டும் மாற்றி, பழையவற்றோடு புதியதை இணைக்க வேண்டாம். முழுத் தொகுதியையும் மாற்றி, சார்ஜர் வெப்பநிலைக்கேற்ப வோல்ட்டைச் சரிசெய்கிறதா என்று யூபிஎஸ் அமைப்பில் பார்த்து, அந்த உணரியைப் பற்றரியின் மேலேயே ஒட்டுங்கள்.